சிதம்பரத்தில் வைத்த பூசை

வீட்டுப் பூட்டைத் திறந்ததும் சகாய ஆனந்தின் மூக்கில் ஏறியது டீசல் வாடை. டீசலில் ஓடும் எதுவும் அந்த வீட்டில் கிடையாது. கூடவே, உப்புத்தண்ணீரில் ஊறிய வலையின் கவிச்சி. கடலூர் முதுநகர்க்காரனுக்குக் கவிச்சி புதிதில்லைதான். ஆனால் இது ஜன்னல் வழியாக வந்துபோகும் வாடையாகத் தெரியவில்லை. வந்து உட்கார்ந்துவிட்ட வாடையாக இருந்தது.

பொழுது சாய்ந்த நேரத்தில் கரண்டு வேறு போயிருந்தது. மனைவி ஜோதி மேரி ஜெபமாலை சொல்ல அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். எல்லாம் அவள் தம்பி லூர்து பிரகாஷுக்காக. ஈரானில் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன். அங்கே குண்டு விழத் தொடங்கிய நாளிலிருந்து அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

ஆனந்துக்குத் தெருவில் 'ஐ.நா. சபை' என்று பெயர். யுரேனியத்தை எத்தனை சதவீதம் செறிவூட்டினால் குண்டாகும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாடம் எடுப்பான். வீட்டில் ஃபியூஸ் போனால் ஆள் கூப்பிடுவான். அப்பேர்ப்பட்ட மேதையிடம்தான், குண்டு விழுவதற்கு முன்னால், பிரகாஷ் போனில் யோசனை கேட்டான்.

"மாமா, கூட இருந்தவனுங்க கெளம்புறானுங்க. நானும் வந்துடட்டா?"

பெஞ்சே காதைத் தீட்டிக்கொண்டிருந்தது. போர் வரவே வராது என்று அப்போதுதான் அடித்துச் சொல்லியிருந்தான் ஆனந்த். மைத்துனனையே கிளம்பி வரச் சொன்னால் மானம் என்னாவது?

"ஞாயித்துக்கெழம அமெரிக்காக்காரன் பேச ஒக்காரப் போறான்டா. இதெல்லாம் சும்மா மெரட்டல். நீ பாட்டுக்கு இரு."

பிரகாஷ் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே குண்டு விழுந்தது.

இதை ஆனந்த் மனைவியிடம் மூச்சுவிடவில்லை. அவள் அழும்போதெல்லாம் "கடவுள் பாத்துக்குவாரு" என்றான், கடவுளுக்கு முன்னால் தான் பார்த்த வேலையை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டு. பயல் செத்திருப்பான் என்று தானாகவே முடிவுகட்டினான். அவன் ஆன்மாவுக்கு ஒரு பூசை வைத்துவிட்டால் அதுவும் அடங்கும், நம் நெஞ்சும் அடங்கும் என்று தோன்றியது. சொந்தக் கோவிலில் வைத்தால் பெயரை மைக்கில் வாசிப்பார்கள். ஊர் கிழித்துத் தொங்கவிடும். ஆகவே இன்று காலை பஸ் ஏறிச் சிதம்பரம் போய், தன்னை யாருக்கும் தெரியாத மாதா கோவிலில், 'இறந்த லூர்து பிரகாஷின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று பெயர் கொடுத்து, அதை மைக்கில் கேட்டு, முட்டி போட்டு அழுதுவிட்டு வந்தான். இறந்தான் என்று யாருமே சொல்லாதவனுக்கு!

போன் அடித்தது. ஜோதி மேரி.

"ஏங்க! பிரகாஷ் வந்துட்டான்! கவர்மெண்டு பிளேன்ல வந்து, அம்மா வீட்டு வாசல்ல நிக்கிறான் களவாணிப் பய. ஒரு போன் உண்டா! ஆட்டோவுல ஏறிட்டோம், இதோ வந்துட்டோம்."

பின்னாலிருந்து பிரகாஷின் சிரிப்பு. "ஐ.நா. சபை என்ன சொல்லுதுக்கா?"

ஆனந்த் போனைச் சட்டைப்பையில் போட்டான். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டே நாற்காலிப் பக்கம் நகர்ந்தபோது, சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழும் ஓசையும், நெஞ்சுக்குள் தண்ணீர் தளும்புவது போல ஏறி இறங்கும் ஒரு மூச்சும் கேட்டன.

நாற்காலியில் ஆள் இருந்தது.

"கூப்ட்டியே மாமா."

பிரகாஷின் குரல். அதே குரல்.

"மைக்குல என் பேரச் சொன்னாங்க. வந்துட்டேன்."

ஆனந்த் சுவரோடு ஒட்டி நின்றான்.

வாசலில் ஆட்டோ நின்றது. "நீ முன்னால போடா, பைய எடுத்துட்டு வரேன்" என்றாள் ஜோதி மேரி. பெட்டிச் சக்கரம் சிமெண்டில் உருண்டு வந்தது. கதவில் தட்டல்.

"மாமா! கதவத் தொற!"

நாற்காலி முனகியது. ஈரக் காலடி. ஒன்று. இன்னொன்று.

"நீ இரு மாமா. நான் தொறக்குறேன்."

கத்தலாம். வராதே, ஓடு. ஒரு சொல் போதும். ஆனால் ஏன் என்று ஜோதி கேட்பாள். சிதம்பரத்தைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தைச் சொன்னால் டீக்கடையைச் சொல்ல வேண்டும்.

நாக்கு ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம்தான்.

கதவு திறந்தது. வெளியே சிரிப்பு பாதியில் நின்றது.

பிறகு ஜோதி மேரி படியேறி வந்தாள். "என்னடா, பெட்டிய வாசல்லயே உட்டுட்டு நிக்கிற? வா உள்ள" என்று தம்பியின் தோளில் கை போட்டு அழைத்து வந்தாள். வந்தவன் ஒருவன்தான். ஆனந்தைக் கடக்கும்போது அவன் புன்னகைத்தான். அவன் மூச்சில் தண்ணீர் தளும்பியது.

ஆனந்த் வாசலை எட்டிப் பார்த்தான். தெரு காலி. நீட்டிய கைப்பிடியோடு பெட்டி மட்டும் நின்றிருந்தது. தொட்டான். கைப்பிடியில் உள்ளங்கைச் சூடு இன்னும் ஆறவில்லை.

பெட்டியை உள்ளே இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினான்.