வழவழப்பாய் ஒரு மரணம்

செல்போன் அலறியது.

இன்ஸ்பெக்டரால் எடுக்க முடியவில்லை. டைல்ஸ் கடையில், இரண்டு கைகளிலும் தலா ஒரு டைலைத் திணித்திருந்தாள் மனைவி.

"ரெண்டும் ஒரே மாதிரிதானேடி இருக்கு?"

"டிசைன் ஒண்ணுதான். இது வழவழ, வீட்டுக்குள்ள போடறது. அது சொரசொர, வெளிப் படிக்கு. ஒரு மாசமா சொல்றேன், காதுலயே ஏறாதா உங்களுக்கு?"

ஏறவில்லை. ஒரு மாதமாகக் கடை கடையாய் ஏறி இறங்கியதில் அவருக்கு மிச்சம் குதிகால் வலி மட்டும்தான்!

போன் மறுபடி அலறியது. ஏட்டு.

"சார்... ஒரு டெத். புது வீட்டுப் படியில, மழையில வழுக்கி விழுந்து மண்டை உடைஞ்சிருக்கு. ஆனா செத்தவரோட தம்பி, கொலைன்னு கத்தறார்!"

"கொன்னது யாராம்?"

"டைல்ஸ் ஒட்டின மேஸ்திரியாம் சார்!"

இன்ஸ்பெக்டர் கண்களை மூடிக்கொண்டார். டைல்ஸ்... இங்கேயும் டைல்ஸ்!

*

மழை தூறிக்கொண்டிருந்தது.

போர்ட்டிகோ படிகளின் அடியில் அந்த மனிதர் குப்புறக் கிடந்தார். வலது கை கார் சாவியை இறுகப் பற்றியிருந்தது. பத்தடி தள்ளி, திறந்தவெளியில், புதுக் கார்.

மேஸ்திரியின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நின்றான் தம்பி.

"இவன்தான் சார்! ரெண்டும் ஒரே டிசைன். ஹாலுக்கு வாங்கின வழவழப்பை வெளிப் படியில ஒட்டிட்டு, படிக்கு வாங்கினதை உள்ள ஒட்டிட்டான்! குடிகாரப் பய, மாத்தி ஒட்டி என் அண்ணனைக் கொன்னுட்டான்!"

"என் புள்ளைங்க மேல சத்தியமா இல்லீங்கய்யா!" மேஸ்திரி கை கூப்பினார். "அவர் எடுத்துக் குடுத்ததைத்தான் ஒட்டினேன். வழுக்குமேங்கன்னு கேட்டேன். சொன்னதைச் செய்யுன்னாரு..."

"செத்துப்போன அண்ணன் வந்து சாட்சியா சொல்லப் போறார்?"

ஏட்டு கிசுகிசுத்தார். "ஜீப்ல ஏத்திடவா சார்?"

"நான் உள்ள போயிட்டா என் வீட்ல அடுப்பு எரியாதுங்கய்யா!"

ஏற்றச் சொல்லிவிடலாம். கேஸ் முடிந்துவிடும். வீட்டுக்குப் போய் வெந்நீரில் காலை வைக்கலாம். ஆசையாகத்தான் இருந்தது இன்ஸ்பெக்டருக்கு.

ஹாலில் செத்தவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"என்னம்மா நடந்தது?"

"மழை கொட்டிச்சு சார். காரைப் பாத்தேன்... ஏங்க, கார் கண்ணாடி திறந்திருக்குங்கன்னு சொன்னேன். புதுக் கார் இல்லையா? பதறிட்டு ஓடினார். அவ்வளவுதான்..."

இன்ஸ்பெக்டர் எதிர் நாற்காலியில் சரிந்தார். குதிகால் தெறித்தது. ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் உருவி, வெறுங்காலைத் தரையில் வைத்தார்.

ஜில்லென்று இருந்தது. வழவழவென்றும் இருந்தது!

நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வெறுங்காலோடு ஹாலைச் சுற்றினார். படுக்கையறை, சமையலறை... எல்லாம் வழவழ! வெளியே வந்து முதல் படியில் கால் வைத்தார். சர்ரென்று இழுத்தது. தூணைப் பிடித்துத் தப்பித்தார்.

"ஏன்யா... மாத்தி ஒட்டியிருந்தா உள்ள சொரசொரன்னு இருக்கணுமே? உள்ளயும் வழவழ, வெளியயும் வழவழ! சொரசொரப்பை இந்த வீட்டுக்கு வாங்கவே இல்லை!"

தம்பியின் பிடி தளர்ந்தது.

"எந்தக் கடையில எடுத்தது மேஸ்திரி?"

மேஸ்திரி சொன்னார். இன்ஸ்பெக்டரின் மனைவி இன்னும் உட்கார்ந்திருக்கும் அதே கடை!

போன் போட்டார். "சேல்ஸ்மேன்கிட்ட போனைக் குடுடி."

"ஸ்பீக்கர்ல போடறேன் இருங்க, எனக்கும் கேக்கணும்."

சேல்ஸ்மேன் உடனே சொன்னான். "அவரை மறக்க முடியுமா சார்? வெளிப் படிக்கு இது வேண்டாம், தண்ணி பட்டா ஆளைச் சாய்ச்சிடும்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். அவர் ஒரு டைலைக் கீழ போட்டு, தண்ணி ஊத்தி, காலால தேய்ச்சுப் பாத்தார். நல்லா வழுக்குச்சு. சிரிச்சுக்கிட்டே, இதையே குடுன்னுட்டார்!"

வாசலுக்கு வந்து நின்ற அந்தப் பெண்ணிடம் திரும்பினார் இன்ஸ்பெக்டர்.

"தினம் விடிகாலையில கேட்டுக்குப் போய்ப் பால் எடுக்கறது யாரும்மா?"

"நான்தான் சார். இந்தப் படியிலதான் இறங்குவேன்."

"மழைன்னா அவர் எந்த வழியாப் போவார்?"

"பின்கதவு வழியா."

"வீடு யார் பேர்ல?"

"என் பேர்ல. எனக்கு ஏதாவது ஆனா அவருக்கு."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே சுடவில்லை, வழுக்கிவிட்டிருக்கிறது!

"வீட்டுக்குப் போ மேஸ்திரி."

மேஸ்திரி அழுதுகொண்டே போனார்.

*

விபத்து. கேஸ் முடிந்தது. கிளம்பும்போது செத்தவரின் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்தார் இன்ஸ்பெக்டர். காரைக் கடந்தவர்...

நின்றார்.

நான்கு கண்ணாடிகளும் முழுக்க ஏறியிருந்தன. கதவைத் திறந்து சீட்டைத் தடவினார். ஒரு பொட்டு ஈரமில்லை!

திரும்பி நடந்தார். அந்தப் பெண் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கண்ணாடி மூடித்தானேம்மா இருக்கு? சாவி அவர் கையில. வேற யாரும் மூடியிருக்க முடியாது."

"அப்படியா சார்? மழையில சரியாத் தெரியலை."

"கடையில அவர் தண்ணி ஊத்திப் பாத்தப்ப..."

"பின்னாடிதான் நின்னேன். எனக்கு டைல்ஸ் பத்தி ஒண்ணும் தெரியாது சார். ஆனா அவர் சிரிப்பு தெரியும்!"



"முன்னாடியே ஸ்டேஷனுக்கு வந்து சொல்லியிருக்கலாமே அம்மா?"

"வீட்டுப் படி வழவழன்னு இருக்குன்னு கம்ப்ளெயின்ட் குடுத்திருந்தா, எடுத்திருப்பீங்களா சார்?"

எடுத்திருக்க மாட்டார். அது அவருக்கே தெரியும். கார் கண்ணாடி திறந்திருக்கிறது என்று பொய் சொன்னதற்கு எந்த செக்‌ஷனில் கேஸ் போடுவது என்று மட்டும் தெரியவில்லை. சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, பின்கதவு வழியாகச் சுற்றிக்கொண்டு ஜீப்புக்கு நொண்டினார்.

செல்போன் அலறியது. மனைவி!

"ஏங்க, சேல்ஸ்மேன் சொன்னதையெல்லாம் கேட்டேன். நல்லா யோசிச்சேன். நம்ம வெளிப் படிக்கும் வழவழப்பையே எடுத்துட்டேங்க!"

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உன் இஷ்டம்டி... ஆனா ஒண்ணு. மழை பெய்யறப்ப ஜீப்பே மிதந்து போனாலும் சரி, என்னை மட்டும் கூப்பிடாதே!"