முன் கைப்பிடி

கைப்பிடி அவள் கைக்குப் பொருந்தவில்லை.

பிரியந்தி இன்னொரு முறை பிடித்துப் பார்த்தாள். விரல்கள் உட்கார நான்கு பள்ளங்கள், எண்ணெய் தேய்த்த கன்னம் போல வழுவழுவென்று இருந்தன. ஆனால் அவை நீளமான, மெலிந்த விரல்களுக்கானவை. அவளுடைய குட்டை விரல்கள் அதில் பாதிகூட எட்டவில்லை. பெண் விரல்கள்தான், சந்தேகமேயில்லை. இந்த மாதிரி விஷயத்தில் அவளுக்கு மூக்கு சீக்கிரம் வேர்த்துவிடும்.

டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கோடியில் தகரம் போட்ட பட்டறை அது. அவள் கணவன் யோகேஸ்வரன் செய்துகொண்டிருந்த பெரிய சீவுளி பட்டறை மேசையை அடைத்துக்கொண்டு கிடந்தது. பலகை இழைக்கிற சாதாரணச் சீவுளி இல்லை இது. கிட்டத்தட்ட ஓர் ஆள் நீளம். பின்னால் நின்று தள்ள ஒரு கைப்பிடி, முன்னால் நின்று இழுக்க ஒரு கைப்பிடி. ஹோட்டலாக மாறிய பழைய பங்களாவுக்கு நீள மேசை வேண்டுமாம், மெஷின் படக்கூடாதாம், கையால் இழைத்த பலகைதான் வேண்டுமாம். அதற்காக இவன் இதைச் செதுக்கத் தொடங்கியபோது பிரியந்தி குவைத்தில் யாரோ ஒரு முதலாளியம்மாவின் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அந்த இஸ்திரிப் பெட்டி வைத்த முக்கோணத் தழும்பு இன்னும் அவள் வலது உள்ளங்கையில் இருக்கிறது.

கல்யாணமான புதிதில் அவள்தான் அவனுக்கு முன்னால் நின்று இழுப்பாள். அப்போதிருந்த சீவுளியில் கயிறு கட்டியிருந்தது. அந்தக் கயிற்றை இழுத்து இழுத்துத்தான் இரண்டு பேரும் பேசவே பழகினார்கள். அந்த இடம் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டுதான் அவள் கடல் கடந்து போனாள்.

"யாரு கைக்கு அளவெடுத்தீங்க இதை?" சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அளவெல்லாம் எடுக்கல புள்ள. பழைய தேயில இஸ்டோர உடைச்சாங்கல்ல, கொழுந்து வாட்டுற மாடிக்கு ஏறுற படியில ஒரு தூணு நின்னுச்சு. ஏறி எறங்குறவங்க புடிச்சுப் புடிச்சுத் தேஞ்ச எடம். அப்படியே அறுத்து வச்சுட்டேன்."

ஆயிரம் பேர் பிடித்த தூணில் ஒரே ஒருத்தியின் விரல் எப்படிப் பதியும்? பொய் சொல்லக்கூடத் தெரியவில்லை இந்த மனுசனுக்கு. அகப்பையைச் சட்டிக்குள் எறிந்தாள்.

அவன் அதைச் செய்கிற விதம்தான் அவளை இன்னும் எரித்தது. சீவுளியின் வெட்டுத் தகடு உட்காரும் இடத்தைச் சரிபார்க்க, விளக்குப் புகையில் தகட்டைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பான். அதைக் கட்டையின் வாய்க்குள் செருகி அழுத்தி எடுப்பான். கரி ஒட்டிய மேட்டை மட்டும் மெதுவாகச் சுரண்டுவான். திரும்பவும் கரி, திரும்பவும் சுரண்டல். எல்லா இடத்திலும் கரி ஒன்றுபோல ஒட்டும்வரை விடமாட்டான். "முழுசா ஒட்டுச்சுன்னா ரெண்டும் ஒண்ணாயிருச்சுன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு, ஈரத்துணியால் அதன் முகத்தைத் துடைப்பான். அவள் ஊர் வந்து இத்தனை நாளில் அவளை ஒரு தடவைகூட அவன் அப்படித் தொடவில்லை.

அடுத்த காம்பரா வீட்டில் இருக்கும் பேச்சியம்மாவின் வாயைக் கிளறினாள்.

"நான் இல்லாதப்போ இங்க யாராச்சும் வந்து போனாங்களாக்கா?"

கொழுந்துக் கூடையை இறக்கிய பேச்சியம்மா பட்டறைப் பக்கம் பார்த்தாள். "ஒரு ஈ, காக்கா வரல தாயி. ஒம் புருசன் தங்கமான ஆளு." கூடைக் கயிற்றை அவிழ்த்தபடி யோசித்தாள். "ஆனா அத இழைச்சுப் பாக்குறப்போ சத்தம் மட்டும் ரெண்டு பேரு இழுக்குற மாதிரியே கேக்கும்."

அன்று பிற்பகல் மூடுபனி மலையிலிருந்து இறங்கி, தேயிலை நிரைகளை விழுங்கி, லயத்து வாசல்வரை வந்து நின்றது. அடுப்படியில் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்த பிரியந்திக்கு அந்தச் சத்தம் கேட்டது. சர்ரென்று நீளமாக ஓர் இழுப்பு, நின்று ஒரு மூச்சு, மறுபடி இழுப்பு. மூச்சு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று கனமாக இருந்தது, அது அவன். இன்னொன்று மெல்லியது, அவனுடையதற்குச் சற்றுப் பின்னால் வந்தது, களைத்தும் சந்தோசமாகவும் இருந்தது. மாவுக் கையோடு ஓடிப்போய்ப் பட்டறைச் சுவரின் பலகை இடுக்கில் கண்ணை வைத்தாள்.

அவன் மட்டும்தான் இருந்தான்.

பாரமான சீவுளி தண்ணீரில் விட்ட ஓடம் போலப் போய் வந்தது. இழைத்த சுருள்கள் காகிதத்தைவிட மெலிதாய் எழுந்து விழுந்தன. ஈரப் பலகை வாசத்தோடு வாடிய கொழுந்தின் வாசமும் வந்தது. அந்த இஸ்டோர் மூடி எத்தனையோ காலமாயிற்று. அவன் நிமிர்ந்து, முன் கைப்பிடிக்கு மேலே வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தான். கயிறு இழுத்த நாட்களில் அவளைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. பேயோ பெண்ணோ, எவளாக இருந்தால் என்ன? அது என் இடம்.

அடுத்த நாள் அவன் பலகை ஏற்றிவர அட்டனுக்குப் போனான். பஸ் வளைவு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் பட்டறைக்குள் நுழைந்தாள். விளக்கைக் கொளுத்தினாள். புகையில் ஒரு தகரத் துண்டைக் காட்டி, படிந்த கரியை வழித்து வலது உள்ளங்கை முழுக்கப் பூசினாள். முன் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, பிறகு கையை எடுத்தாள். கரி ஒட்டிய இடமெல்லாம் அரத்தால் தேய்த்தாள். திரும்பவும் கரி. திரும்பவும் அரம். அந்த நீள விரல்களின் பள்ளங்கள் ஒவ்வொன்றாக அழிந்தன. அழிய அழிய அவளுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது. எங்கோ மிக அருகில் யாரோ மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டது போல இருந்தது. அதற்கும் அவள் கலங்கவில்லை. "போடி" என்றாள், சத்தமாகவே.

கடைசி முறை கையை எடுத்தபோது கரி முழுசாக ஒட்டியிருந்தது. ரேகைகள், முக்கோணத் தழும்பு, எல்லாம் அப்படியே மரத்தில் பதிந்திருந்தன.

அவன் வந்து பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தாள். கைப்பிடியைத் தடவிவிட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு, வா, இழு புள்ள" என்றான். அன்று பொழுது சாயும்வரை இரண்டு பேரும் இழைத்தார்கள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கு வேறு என்ன வேண்டும்!

மறுநாள் அடுப்பில் இருந்த ரொட்டியைக் கையால் திருப்பினாள். சுடவில்லை.

மிளகாய் அரைத்தாள். எரியவில்லை. உள்ளங்கை மரத்துப் போயிருந்தது. பழக்கமில்லாமல் இழுத்ததால் இருக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவினாள். எண்ணெய் வழுக்கவில்லை, உள்ளே ஊறிப் போயிற்று.

வெளியே பனி. பேச்சியம்மா வீட்டு வாசல்கூடத் தெரியவில்லை.

சர்ர்ர்.

நின்று ஒரு மூச்சு.

இரண்டு மூச்சு.

அவள் அடுப்படியில்தான் இருந்தாள். கையில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. பட்டறையிலிருந்து அவன் குரல் கேட்டது.

"இழு, பிரியந்தி."

"இழுக்குறேங்க."

அது அவள் குரல்.

போத்தல் விழுந்தது. ஓடினாள். கால் சேற்றில் வழுக்கியது. பலகை இடுக்கு. கண். உள்ளே அவன். அவன் சிரிப்பு. முன் கைப்பிடியில் ஒரு கை. குட்டை விரல்கள். கட்டைவிரலுக்குக் கீழே, சற்றே திரும்பிய உள்ளங்கையில், முக்கோணத் தழும்பு.

தன் கையை விரித்துப் பார்த்தாள்.

தழும்பு இல்லை. ரேகை இல்லை. இழைத்து முடித்த பலகை போல வழவழவென்று இருந்தது, மணிக்கட்டை நோக்கி மரத்தின் வரிகள் ஓடின.

கத்தினாள். சத்தம் வரவில்லை. கதவைத் தட்டினாள்.

டொக். டொக். மரத்தில் மரம் மோதுகிற சத்தம்.

சீவுளி நின்றது.

"யாரு அது?" என்றான் யோகேஸ்வரன்.

"யாருமில்லங்க" என்றது உள்ளே அவள் குரல், ஆசையாக. "காத்துல பலகை ஆடுது. நீங்க தள்ளுங்க."

சர்ர்ர்.

கதவின் கீழ் இடுக்கால் ஒரு சுருள் மெல்ல வெளியே வந்து அவள் காலடியில் விரிந்தது. மெலிந்து, இளம் சூடாக இருந்தது. அதைப் பொறுக்கக் குனிய நினைத்தாள். கதவில் வைத்த கை கதவிலேயே நின்றது. விரல்கள் மடங்கவில்லை.