சுவருக்கு அப்பால் அக்கா

ஆட்டோக்காரர் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது மழை விட்டிருந்தது. கோதாவரிக் கால்வாய் ஓரத்து அந்த ஓட்டு வீட்டின் பூட்டு துருவேறிக் கிடந்தது. திறப்பதற்குள் சேஷரத்னத்துக்கு மூச்சு வாங்கியது. காக்கிநாடாவில் பெண்கள் விடுதி வார்டனாக முப்பது வருடம் மாடிப்படி ஏறி இறங்கிய கால்கள். இனி எங்காவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

வீட்டில் பாதிதான் அவளுடையது. கூடத்தின் நடுவே செங்கல் சுவர். மறுபாதி அக்கா பூஷணத்துக்கு. அவள் வாசல் பின்தெருவில். "வேலைதான் பெரிசுன்னு நீ ஓடினதாலதான் அம்மா செத்தா" என்று பாடை அருகே, அத்தனை பேர் முன்னால் அக்கா சொன்னதிலிருந்து பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை. போன வருடம் ஒருநாள் போனில் "சேஷு..." என்று அக்காவின் குரல் கேட்டது. உடனே துண்டித்துவிட்டாள். அதன்பின் அந்த எண்ணிலிருந்து எப்போது மணி அடித்தாலும் எடுக்கவில்லை.

அன்று பிற்பகல் சுவருக்கு அப்பால் இருமல் கேட்டது. பிறகு புளிச்சகீரை வதங்கும் வாசனை. அக்காவின் கைப்பக்குவம். சேஷரத்னம் முதுகைத் திருப்பிக்கொண்டு பன்னை டீயில் தோய்த்துத் தின்றாள்.

மாலையில் கடைக்குப் போனாள். தெருவில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் அவளைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டார்கள்.

மறுநாள் பிற்பகல் சுவரில் ஏதோ சுரண்டியது. எலி என்று நினைத்தாள்.

சுரண்டல் நின்றது.

"சேஷு. வந்துட்டியா?"

செங்கல்லில் உதட்டை ஒட்டவைத்துப் பேசுவது போன்ற குரல். அவள் சுவரைவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். கோபம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது. இத்தனை வருடம் சுமந்ததை எங்கே இறக்கிவைப்பது என்று தெரியாத அலுப்பு.

மூன்றாம் நாள், "சாப்டியாடி?" என்றது குரல்.

சேஷரத்னம் எழுந்தாள். சுவரில் கை வைத்தாள். அந்த இடம் மட்டும் கிணற்றுக்கல் போலச் சில்லிட்டிருந்தது.

"என்னால எழுந்து வர முடியலடி. நீ வாயேன்."

செருப்புகூடப் போடாமல் இறங்கினாள். தெருமுனைக் கோயிலைச் சுற்றிக்கொண்டு, என்ன பேசுவது என்று யோசித்தபடியே பின்தெருவுக்கு வந்தாள்.

அக்காவின் கதவில் பூட்டு தொங்கியது.

எதிர்வீட்டுக் கவரய்யா சுருட்டும் கையுமாக வந்தார். "இப்பதான் வழி தெரிஞ்சுதா சேஷம்மா?"

"பூட்டிட்டு எங்க போனா? இப்பதானே எங்கிட்டப் பேசினா."

அவர் சுருட்டைக் கீழே போட்டு மிதித்தார்.

"பூஷணம்மா போய் நாப்பது நாளாச்சு. அவங்க போன்லேர்ந்துதான் உனக்கு அடிச்சேன். மூணு தடவை. நீ எடுக்கல. என் பையன்தான் கொள்ளி வச்சான்."

இடுப்பில் செருகியிருந்த சாவியால் அவர் கதவைத் திறந்தார். அடுப்பில் சிலந்திவலை. தரையெல்லாம் தூசி. சுவரோடு ஒட்டிக் கிடந்த கட்டிலின் தலைமாட்டில், செங்கல் ஒரு முழ அகலத்துக்குக் குடையப்பட்டிருந்தது.

"கால் விளங்காமப் போனதுலேர்ந்து கரண்டிக் காம்பால சுரண்டிக்கிட்டே இருப்பாங்க. ஏம்மான்னு கேட்டா, 'தங்கச்சி வந்தா ஊரைச் சுத்திக்கிட்டு வரணுமே, பாவம்'னு சொல்வாங்க."

கட்டிலின் மேல் செங்கல்பொடி உதிர்ந்திருந்தது.

அதன்மேல் மட்டும் தூசி இல்லை.

"சாவியக் குடுத்துட்டுப் போங்க அண்ணா" என்றாள் சேஷரத்னம்.

அவர் போனதும் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக் குழிக்குள் முகத்தை வைத்தாள். "நான் போன் எடுத்திருக்கணும்க்கா" என்றாள். "நீ அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனா நான் எடுத்திருக்கணும்." அழுவதற்கும் தெம்பில்லாமல், அலைந்து கலைந்த தலையோடு அப்படியே தூங்கிப்போனாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு விழிப்பு வந்தது. கழுத்தில் ஏதோ கனத்தது. கையால் தடவிப் பார்த்தாள்.

நரைத்த கூந்தல் முழுவதும் சிக்கெடுக்கப்பட்டு, பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பின்னுவதுபோல் இரட்டைச் சடையாக, இறுக்கமாகப் பின்னப்பட்டிருந்தது.