ஹெர்பர்ட்டின் கணக்கு

வாசுகி மூடிவிட்டுப் போன மேனுவல் திறந்திருந்தது. தேயிலை உலர்த்தும் ட்ரையரின் திரையில், 'உள்ளே இறங்கிச் சுத்தம் செய்தல்' என்ற பக்கம். அவள் கடைசியாகப் படித்தது பெல்ட் மாட்டும் பகுதி.

சேரம்பாடியில் நாலு மணிக்கே மூடுபனி சன்னலை அடைத்துவிட்டது. தேயிலை விலை விழுந்ததிலிருந்து ஃபேக்டரி வாரத்தில் பாதி நாள்தான். ட்ரையருக்குள் சூடு ஆறும் தகடுகள் டிக், டிக்கென்று சுருங்க, கருகிய தூளின் வாசம் சுற்றிச் சுற்றி வர, அறையில் அவள் மட்டும் நின்றாள்.

மேனுவல் அந்தத் திரைக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் நினைத்தவரெல்லாம் படிக்க முடியாது. பாஸ்வேர்டைத் தட்டினால், திரை அதைக் கோயம்புத்தூர் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, 'இவர் நம்ம ஆளா?' என்று கேட்கும். ஆமென்று பதில் வந்தால், அந்த ஒரே அனுமதியில் மேனுவலும் திறக்கும், ட்ரையரும் ஓடும், இந்த அறைக் கதவும் திறக்கும். ஆளுக்கொரு கணக்கு வைத்தால் செலவு என்று நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் நுழைவது ஃபிட்டர் ஹெர்பர்ட்டின் கணக்கில்.

அவர் போன மழையில் இதே ட்ரையருக்குள் செத்தவர். ஓட்டும் முன் மேனுவலில் டிக் போட வேண்டிய 'உள்ளே ஆள் இல்லை' என்ற கட்டத்தில் யாரோ எட்டிப் பார்க்காமலே டிக் போட்டு ஓடவிட்டார்கள். இன்றும் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள். காலையில் வாசுகியும்.

பக்கம் தானாக நகர்ந்தது.

உதவி மேனேஜர் தீபக்குக்குப் போன் போட்டாள். "சார், இதே கணக்குல அங்கிருந்து மேனுவல நீங்களா பாக்குறீங்க?"

"நான் பந்தலூர் பஸ்ஸுல நிக்கறனுங்க வாசுகி. ஹெர்பர்ட் அண்ணனா இருக்கும். செத்தும் மனுசனுக்கு ஓவர்டைம் பாருங்க!" சிரித்தான். "லாக்அவுட் பண்ணிட்டு ஊட்டுக்குக் கெளம்புங்க."

பண்ணினாள். மேனுவல் மூடிக்கொண்டது. பின்னால் 'க்ளக்' என்று பூட்டு விழுந்தது.

கதவு.

எல்லாவற்றுக்கும் ஒரே அனுமதி என்பது அப்போதுதான் உறைத்தது. முதலில் வெளியே போயிருக்க வேண்டும். பாஸ்வேர்டைத் தட்டினாள்.

'தவறு. பாஸ்வேர்ட் சற்றுமுன் மாற்றப்பட்டது.'

போனில் இப்போது சிக்னலும் இல்லை. கதவை அறைந்தாள். "யாராச்சும் இருக்கீங்களா?"

தகடுகளின் சத்தம் நின்றது.

திரை தானாக ஒளிர்ந்தது. 'வணக்கம், ஹெர்பர்ட்.'

மேனுவல் விரிந்தது. 'உள்ளே ஆள் இல்லை.' காலையில் அவள் போட்ட டிக்.

அது அழிந்தது.

"கதவு தொறக்கணும், மாரியாத்தா. கதவு மட்டும் தொறக்கணும்."

திறந்தது.

ட்ரையரின் கதவு. உள்ளிருந்து ஒரு கை அதை அவளுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தது.