கதவைப் பார்த்து நின்ற சைக்கிள்

மனிதனைப் பயமுறுத்தும் தகுதி இல்லாத ஒரே வாகனம் சைக்கிள்தான் என்று மைத்துனர் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அறிவித்தார். ஒரு நாட்டின் அரசியல் சட்டத்தை வெளியிடும் முகத்துடன் அதைச் சொன்னார். ரயில் பயமுறுத்தலாம், லாரி பயமுறுத்தலாம், மாமனார் ஓட்டும் ஸ்கூட்டர்கூடப் பயமுறுத்தலாம். ஆனால் சைக்கிளை நம்பாமல் தள்ளிக்கொண்டு நடக்கிறவன் இயற்பியலுக்கும் தன் இரண்டு கால்களுக்கும் துரோகம் செய்கிறான்.

இந்தப் பிரகடனத்துக்கான காரணம் மாடி அலுவலகத்தின் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. காலியான, சமமான சாலையில் ஒரு பெண் பச்சை நிறச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள். கீழே ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றவள், சைக்கிளைப் பூட்ட இடம் தேடவில்லை. அதையே தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

“பாருங்க அத்தான். வண்டிதான் மனுஷனச் சுமக்கணும். இங்க மனுஷி வண்டியச் சுமக்கறா.”

அத்தான் என்பவர் சர்வேயர். நிலம் அளப்பவர் அல்ல. விபத்தில் நசுங்கிய வாகனங்களைப் பார்த்து, யார் பொய் சொல்கிறார்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். இருபத்தாறு வருடங்களாக எழுதியதில், வேறு பொய்களையும் கண்டுபிடித்துத் தரும்படி ஆட்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். மைத்துனர் அவர் மனைவியின் தம்பி. வாரத்தில் ஐந்து நாள் இயற்பியல் டியூஷன், மீதி இரண்டு நாள் துப்பறியும் பணி. பின்னதற்கு அவரை யாரும் நியமிக்கவில்லை.

“சைக்கிள உள்ள கொண்டு வரலாமா சார்? வெளிய விட பயமா இருக்கு.”

“கொண்டு வாம்மா.”

அவள் அதை அலமாரியில் சாய்த்துவிட்டு, கதவு தெரிகிற நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க நடுங்காமல் ஊசி குத்தும் கைகள். இப்போது ஒரு டம்ளர் தண்ணீரைப் பிடிக்க இரண்டும் தேவைப்பட்டன.

“நானே கட்டின வண்டி சார். எங்க குழுவுல எல்லாரும் அப்படித்தான், கடையில முழுசா வாங்கினா மதிக்க மாட்டாங்க. பிரேம் மட்டும் வெல்டர் அண்ணன் செஞ்சு கொடுத்தார். சக்கரத்துக்கு ஒவ்வொரு கம்பியா நானே கோத்தேன். மேடு ஏறும்போது டிக் டிக்னு ஒரு சத்தம், அது ஒண்ணுதான் குறை. செயினுக்கு எண்ணெய் போடுன்னார் அண்ணன்.”

“பயம் எப்ப ஆரம்பிச்சது?”

அவள் செல்போனை நீட்டினாள். தெரியாத எண்ணிலிருந்து மூன்று படங்கள். மூன்றிலும் அந்தப் பச்சைச் சைக்கிள், ஆள் யாரும் இல்லாமல். திங்கள்கிழமை, பரிசோதனைக் கூடத்தின் வாசலில். அதோடு எந்த வார்த்தையும் இல்லை. புதன்கிழமை, பேக்கரிக்கு வெளியே. கீழே ‘இதை ஓட்டாதே’. வெள்ளிக்கிழமை காலை, ஒரு மாடிப்படி முகப்பில், ‘ஞாயிற்றுக்கிழமை போகாதே’.

“அந்த எண்?”

“எப்பவும் அணைச்சே இருக்கு. போலீஸ்லயும் போய்ச் சொன்னேன். சைக்கிளப் படம் எடுத்தது எந்தக் குற்றம்னு கேட்டாங்க.”

“நியாயமான கேள்வி” என்றார் மைத்துனர்.

“மூணாவது படம் எங்க வீட்டு ரெண்டாவது மாடி சார். நான் வண்டிய செயின் பக்கம் வெளிய தெரியற மாதிரி, படிக்கட்டப் பாத்துதான் சாய்ச்சு வைப்பேன். என்னிக்கும் அப்படித்தான். பின்சக்கரத்துக்குப் பூட்டு. நேத்துக் காலையில கதவத் திறந்தேன்.” அவள் அறைக் கதவை ஒரு முறை பார்த்துக்கொண்டாள். “வண்டி என் கதவப் பாத்துட்டு நின்னுச்சு.”

கீழே ஜெராக்ஸ் இயந்திரம் நின்றுபோன நேரம் அது. மைத்துனர் தேநீர்க் கோப்பையை வாய்வரை கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தார்.

“பூட்டின வண்டி. தூக்கித்தான் திருப்பணும். நானும் அம்மாவும் உள்ள தூங்கிட்டிருக்கோம், பத்தடி தள்ளி எவனோ தூக்கித் திருப்பியிருக்கான். அம்மா அப்பலேர்ந்து கதவுக்குப் பின்னாடி பெட்டிய இழுத்துப் போட்டு, அது மேலயே உக்காந்திருக்காங்க.”

“ஞாயிற்றுக்கிழமை என்ன?”

“நாளைக்கு மலைப்பாதை சவாரி. மேல ஏறிட்டு ஒன்பது கிலோமீட்டர் இறக்கம். எங்க குழுவுல புதுசா கட்டின வண்டிதான் முதல்ல இறங்கணும். இந்தத் தடவ நான்.”

“போகப் போறியா?”

“போகாம இருந்தா அவன் ஜெயிச்சுடுவான் சார். பயத்தோடயே போவேன்.”

“சபாஷ்” என்றார் மைத்துனர். “அதுதான் சரி. தைரியமா இறங்கும்மா. கீழ் வீட்டுல யார் இருக்கா?”

“ரிட்டயர்டு டிரில் மாஸ்டர். சுவத்துல டயர் கறை படியுதுன்னு மாசத்துக்கு ஒரு தடவ சண்டை போடுவார்.”

“முடிஞ்சது கேஸ்.”

சர்வேயர் படங்களைக் கீழே அனுப்பிப் பெரிதாக அச்சிட்டு வரச் சொன்னார். மூன்று தாள்களையும் மேஜையில் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியால் வெகுநேரம் பார்த்தார்.

“உங்க குழுவுல வண்டிய எப்படிம்மா படம் எடுப்பீங்க?”

அவள் முகத்தில் முதல் முறையாகப் பயம் சற்று விலகியது. “அதுக்கு முறை இருக்கு சார். செயின் பக்கம் தெரியணும். பெடல் கட்டை தரைக்குச் சமமா இருக்கணும். டயர்ல காத்தடிக்கற வால்வு நேர் கீழ நிக்கணும். இல்லன்னா ஒரு வாரம் கிண்டல் பண்ணியே ஓட்டித் தள்ளிடுவாங்க.”

மைத்துனர் சிரித்தார். “சைக்கிளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போறீங்களா?”

“இந்தப் படங்களப் பாரு மச்சான்” என்றார் சர்வேயர். “முன்சக்கரத்தோட வால்வு எங்க இருக்கு?”

மைத்துனர் குனிந்தார். “நேர் கீழ.”

“மூணுலயும். பெடல் கட்டை?”

“சமமா இருக்கு.”

“பின்சக்கரம் மட்டும் மூணுலயும் வேற வேற மாதிரி. அது பூட்டியிருந்தது, திருப்ப முடியல. நீ வண்டிய நிறுத்தும்போது இதெல்லாம் சரி பண்ணுவியாம்மா?”

“யார் சார் பண்ணுவா? பூட்டிட்டு ஓடிடுவேன்.”

“அப்ப இவன்தான் பண்ணியிருக்கான். யாராவது பாத்துடுவாங்கன்னு பதறிக்கிட்டு நிக்கற ஆளு, முன்சக்கரத்தத் தூக்கிச் சுத்தி வால்வக் கீழ கொண்டு வந்திருக்கான். யோசிச்சுப் பண்ணல. கை தானா பண்ணியிருக்கு. டிரில் மாஸ்டர் கைக்கு அது தெரியாது.”

அவள் முகம் வெளுத்தது. “எங்க ஆளா?”

யாரோ அந்நியன் என்று நினைத்திருந்த வரைக்கும் அவளுக்குத் தெரு மட்டும்தான் பயமாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னோடு டீ குடித்த முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

“குழுவுல படம் எடுக்கறது யாரு?” என்று மைத்துனர் பாய்ந்தார்.

“கேமரான்னு ஒரு அண்ணன். எல்லார் வண்டியையும் அவர்தான் எடுப்பார்.”

“இப்ப நிஜமாவே முடிஞ்சது கேஸ்.”

“கேமராவா இருந்தா இந்தத் தப்பப் பண்ண மாட்டார்” என்று சர்வேயர் தாள்களைத் தட்டினார். “மூணு படத்துலயும் செயின் தெரியல. எல்லாமே இடது பக்கம்.”

எழுந்து சைக்கிளின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். ஹேண்டில்பாருக்குக் கீழிருந்து பெடலை நோக்கி இறங்கும் குழாயில் வட்டமாக ஒரு ஸ்டிக்கர் இருந்தது.

“இது எங்க குழு அடையாளம்” என்றாள் அவள். “போன மாசம் வெல்டர் அண்ணன் ஒட்டிவிட்டார்.”

உரித்து உரித்து ஒட்டியதுபோலத் தளர்ந்திருந்த ஸ்டிக்கரின் ஓரத்தில் நகத்துணுக்கு அளவில் பேனாக் கோடுகள் மூன்று. சர்வேயர் திரும்பி வந்து படங்களைப் பார்த்தார். திங்கள்கிழமைப் படத்தில் ஒரு கோடு. புதனில் இரண்டு. வெள்ளியில் மூன்று, ஒன்றைவிட ஒன்று சற்றுத் தள்ளி.

“அழுக்கு” என்றார் மைத்துனர்.

சர்வேயர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். மாலை நான்கு மணிக்கு அந்தக் குழு வெல்டரின் பட்டறையில் கூடும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். “நீ பஸ்ல போயிடும்மா. வண்டிய நான் கொண்டு வரேன்.”

மூன்றரைக்குக் கிளம்பினார்கள். மைத்துனர் தன் இருபது வருடச் சைக்கிளில் வந்தார். சர்வேயர் பச்சைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

“நீங்களுமா அத்தான்? குடுங்க, நான் ஓட்டிட்டு வரேன். என் வண்டிய நீங்க தள்ளுங்க.” மைத்துனர் இறங்கி வந்து, பச்சைச் சைக்கிளைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டார்.

“இறங்கு.”

மைத்துனர் அந்தக் குரலை முன்பு ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தார், அக்காவின் பிரசவ வார்டுக்கு வெளியே. இறங்கிவிட்டார்.

பட்டறை ஒரு சரிவுச் சாலையின் உச்சியில் இருந்தது. உள்ளே ஒரு டஜன் சைக்கிள்கள். ஒன்றுக்கு முன்னால் பெட்டி வைத்து, அதில் தன் இரண்டு நாய்களை உட்காரவைத்திருந்தார் ஒருவர். இன்னொன்றில் எந்தப் பாகம் எத்தனை கிராம் என்று அதன் சொந்தக்காரர் யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தார். கேமரா தரையில் படுத்து ஒரு சைக்கிளின் வால்வைக் கீழே கொண்டுவந்துகொண்டிருந்தார். வெல்டர் ஆறடி ஆள். முன்கைகளில் தீப்பொறித் தழும்புகள். பச்சைச் சைக்கிளைப் பார்த்ததும் அவர் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். சத்தம் வராமல், மெதுவாக.

சர்வேயர் படங்களை விரித்து, வால்வையும் பெடலையும் விளக்கினார். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“இங்க இருக்கற யாரும் இடது பக்கத்தப் படம் எடுக்க மாட்டீங்க. இந்த ஆள் எடுத்திருக்கார். வீட்டு வாசல்ல வண்டி செயின் பக்கம் தெரியற மாதிரிதான் இருந்தது, அதத் திருப்பி வச்சு எடுத்திருக்கார். மாட்டிக்கிட்டா மானம் போயிடும், அப்படியும் எதுக்குத் திருப்பணும்? பாக்க வேண்டியது ஏதோ இடது பக்கத்துல இருக்கு. அங்க இருக்கறது ஒரு ஸ்டிக்கர். யாருமே படம் எடுக்காத பக்கத்துல குழு அடையாளத்த எதுக்கு ஒட்டணும்? அது ஓரத்துல மூணு கோடு. விபத்து வண்டிங்கள்ல நான் நிறைய பாத்திருக்கேன். விரிசல் எதுவரைக்கும் வந்திருக்குன்னு மெக்கானிக் வைக்கற அடையாளம் அது.”

பிறகு வெல்டரிடம் திரும்பினார். “நாளைக்கு இந்த வண்டிதான் முதல்ல இறங்கணுமாம். செஞ்சவர் நீங்க. இந்தச் சரிவுல ஒரு தடவ இறக்கிக் காட்டுங்களேன்.”

வெல்டர் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். வாசல்வரை தள்ளினார். சரிவைப் பார்த்தார். அவருடைய கால் தரையிலிருந்து எழவில்லை.

“முடியாது சார்” என்றார்.

சர்வேயர் ஈரத்துணியால் ஸ்டிக்கரைத் துடைத்து, நகத்தால் உரித்தார். வெல்டிங் வைத்த இடத்திலிருந்து தலைமுடி போல ஒரு கோடு கிளம்பி, குழாயைப் பாதி சுற்றியிருந்தது. அவர் ஹேண்டில்பாரை லேசாக அழுத்தினார். கோடு வாய் திறந்து மூடியது. டிக் என்றது.

அந்தப் பெண் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“போன மாசம் இவ பின்னாடி வரும்போது சத்தம் கேட்டேன்” என்றார் வெல்டர். “செயின் இல்லன்னு அப்பவே தெரியும். சொல்ல வாய் வரல. பதினேழு பிரேம் செஞ்சிருக்கேன். ஒண்ணு விரிஞ்சதுன்னு தெரிஞ்சா மீதிய யார் நம்புவா? பயமுறுத்தினா ஓட்டறத விட்டுடுவான்னு நெனச்சேன்.”

“எங்கம்மா ரெண்டு நாளா பெட்டி மேல உக்காந்திருக்காங்க அண்ணே.”

“தெரியாதும்மா.”

“நான் வீம்புக்கே இறங்கியிருப்பேன்.”

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது கேமரா தன் சைக்கிளின் மறுபக்கம் போயிருந்தார். அவர் குரல் அங்கிருந்து வந்தது.

“அண்ணே. என் வண்டியிலயும் இடது பக்கம் ஒட்டியிருக்கீங்க.”



“உனக்கு இன்னும் பெருசாகல” என்றார் வெல்டர். “அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன்.”

ஒவ்வொருவராகத் தத்தம் சைக்கிளின் இடப்பக்கம் போய் முழங்காலிட்டார்கள். செல்போன் விளக்குகள் எரிந்தன. குழாய்களை விரலால் தடவும் சத்தமும், எங்கோ ஒரு ஸ்டிக்கர் உரியும் சத்தமும் மட்டும் கேட்டன. நாய்களைக் கொண்டுவந்தவர் இரண்டையும் பெட்டியிலிருந்து இறக்கிவிட்டார். நாளைய சவாரி நடக்காது என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை.

“பதினேழையும் நீங்களே திரும்ப வாங்கிப் பாத்துடுங்க” என்று சர்வேயர் வெல்டரிடம் சொன்னார். “இன்னிக்கே போன் பண்ணுங்க. உங்க சொந்த நம்பர்லேர்ந்து.”

அந்தப் பெண் அம்மாவுக்குப் போன் செய்தாள். “பெட்டிய நகத்திடும்மா” என்றாள். சர்வேயர் அவளை ஆட்டோவில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். “நீ சைக்கிள்ல வந்துடு மச்சான்.”

மைத்துனர் தலையாட்டினார். காலையில் அந்தப் பெண்ணுக்கு ‘சபாஷ்’ என்று சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆட்டோ திருப்பத்தில் மறையும்வரை காத்திருந்தார். பிறகு செருப்பின் வாரைச் சரிசெய்கிறவர் போலத் தன் சைக்கிளின் இடப்பக்கம் குனிந்தார். வாரில் கோளாறு எதுவும் இல்லை. குழாயைத் தடவினார். துரு இருந்தது, பழைய பெயிண்ட் இருந்தது, ஒரு கீறல் இருந்தது. அது வெறும் கீறலா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

வீடு மூன்று கிலோமீட்டர். சாலை சமமாக, காலியாக இருந்தது. மைத்துனர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். வீடு வந்ததும், வெளியே விட மனமில்லாமல், தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார்.