இரண்டாவது துப்பாக்கி

காலுறையைக் கழற்றியபோது லீலண்ட் பர்விஸின் இடது கணுக்காலில் வார் பதிந்த தடம் இருந்தது. சதையில் அழுந்திய இரண்டு சிவப்புக் கோடுகள், அவற்றுக்கு நடுவே முடி நசுங்கிப் படிந்த ஒரு பட்டை. நாள் முழுக்கக் காலில் துப்பாக்கி உறை கட்டி நடந்தவனுக்குத்தான் அப்படித் தடம் விழும். அவர் அங்கே உறை கட்டுவதை விட்டு ஆறு வருஷம் ஆகிறது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தேய்த்துப் பார்த்தார். காலுறையின் ரப்பர் இறுக்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஷெரிஃப் அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை போலீஸ்காரராக உழைத்தவர், ஊரார் சொல்லும் பொய்யை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தவர்; தான் சொல்லும் பொய்யை மட்டும் அவரால் எப்போதும் நம்ப முடிந்தது.

மறுநாள் காலை காபிக் கோப்பையோடு பின்பக்கம் போனபோது வேலியைப் பார்த்தார். மனைவி விட்டுப் போனதிலிருந்து கவனிப்பாரற்று, கம்பி தளர்ந்து, கருவேல முள்ளுக்குள் படுத்துக் கிடந்த வேலி அது. அதில் ஒரு பகுதி நிமிர்ந்து நின்றது. அதே துருப்பிடித்த பழைய முள்கம்பிதான், ஆனால் விரலால் சுண்டினால் ஓசை எழும்படி இழுத்துக் கட்டியிருந்தது. கம்பியின் நுனி கம்பத்தை இரண்டு சுற்றுச் சுற்றி, கூர்முனை உள்பக்கமாக மடிந்திருந்தது, மேயவரும் ஆட்டின் மூக்கைக் கீறாதபடி. மேற்கு டெக்சஸின் அந்தப் பக்கத்தில் அப்படி முடிச்சுப் போட்டவன் ஒருவன்தான். அவனை லீலண்ட் ஆறு வருஷத்துக்கு முன் சுட்டுக் கொன்றிருந்தார்.

பெயர் அன்செல்மோ ருவேடா. வேலி போடுவது தொழில். பொழுது சாயும் நேரத்தில் மண்சாலை ஓரம் யாருடைய பண்ணைக்கோ கம்பி இழுத்துக்கொண்டிருந்தவனை, லீலண்ட் வண்டியை நிறுத்தி, கையைக் காட்டச் சொன்னார். அவன் காட்டினான். கையில் குறடு இருந்தது. குறடு என்று தெரிவதற்குள் விரல் விசையை அழுத்திவிட்டது, அவன் முகம் குப்புறச் சுண்ணாம்பு மண்ணில் விழுந்தான்.

அதுவரை நடந்தது தப்பு. அதற்குப் பிறகு செய்ததுதான் பாவம். லீலண்டின் இடது கணுக்காலில் ஒரு சின்ன ரிவால்வர் எப்போதும் இருக்கும். பிடியில் கறுப்பு டேப் சுற்றியது, எந்தக் கணக்கிலும் இல்லாதது. அதை உருவித் துடைத்து, செத்தவனின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடித்தார். எல்லாம் மடங்கின. என்றோ கம்பி வெட்டி நரம்பு போன சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. அதைத் தன் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து மடக்கினார். குறடு முட்புதருக்குள் போனது.

தற்காப்புக்காகச் சுட்டார் என்று விசாரணை முடிந்தது. அந்த ரிவால்வரை அரசாங்கமே உருக்கி அழித்தது. நீதிமன்ற வாசலில் அன்செல்மோவின் தங்கை ஓஃபீலியா அவர் எதிரே வந்து நின்றாள். அழவில்லை. "அந்தத் துப்பாக்கி எங்க அண்ணனோடது இல்ல," என்றாள். "யாரோடதோ, அவன் கைக்கே அது போய்ச் சேரும்."

இப்போது வேலி நாளொரு கம்பமாக நிமிர்ந்துகொண்டு வந்தது. இருட்டியதும் பின்பக்கத்திலிருந்து சத்தம் கேட்கும்: கம்பியை இழுத்து முறுக்கும் கருவியின் பல்சக்கரம், டிக், டிக் என்று, இடைவெளி விட்டு, வேலை தெரிந்தவனின் நிதானத்தில். ருவேடா வீட்டு ஆட்கள் பழிவாங்க வந்து பயம் காட்டுகிறார்கள் என்று லீலண்ட் முடிவு கட்டினார். ஆட்கள் என்றால் ஒன்றுக்கு மேல். இடுப்பில் இருக்கும் ஒரு துப்பாக்கி போதாது. அவருக்குப் பயமாக இருந்தது, அந்தப் பயத்துக்கு அவர் கண்ட ஒரே மருந்து இன்னொரு துப்பாக்கிதான்.

துப்பாக்கிக் கடை வாண்டாவுடையது. மூன்று கணவர்களை அனுபவித்த அகலமான பெண்மணி. கண்ணாடிப் பெட்டியின் மேல் பச்சைத் துணியை விரித்து மூன்று துப்பாக்கிகளை எடுத்து வைத்தாள்.

"முதல் துப்பாக்கி காதல் கல்யாணம் கண்ணு, மனசு சொல்றத வாங்கலாம். ரெண்டாவது மறுகல்யாணம். உபயோகம் பாத்துத்தான் வாங்கணும்," என்றாள். "இது அஞ்சு குண்டு ரிவால்வர். குண்டத் தட்டுற சுத்தியல் உள்ள மறைஞ்சிருக்கு, பாக்கெட் துணியில மாட்டாது. பஞ்சு அடைஞ்சாலும் சுடும். உங்காளுங்க பாதிப்பேரு காலுல இதத்தான் கட்டுறாங்க."

"ரிவால்வர் வேண்டாம்."

"சரி. இது தட்டை, சட்டைப்பையில வெச்சா நீயே மறந்துபோவ. குண்டு சின்னது. பட்டவனுக்குக் கோவந்தான் வரும்." மூன்றாவதைத் தட்டினாள். "இது உன் இடுப்புல இருக்கறதுக்குத் தங்கச்சி. அதே தோட்டா, தோட்டா அடைக்கிற அதோட மேகசின் இதுலயும் மாட்டும். இருட்டுல தடவுனாக்கூடக் கைக்குப் பழகுனதா இருக்கும். எங்கிட்டக் கேட்டா இதுதான். ஆமா, யாருக்குய்யா பயப்படுற?"

"பாம்புக்கு."

"பாம்புக்கு எதுக்கு ரெண்டு?"

"ரெட்டைத் தல பாம்பு."

வாண்டா சிரிக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தரையைக் காட்டினாள். "படு. மல்லாக்கப் படுய்யா. நின்னுகிட்டிருக்கிறவனுக்கு ரெண்டாவது துப்பாக்கி எதுக்கு? கீழ விழுந்து, வலது கைய எவனாவது அமுக்கிக்கிட்டு இருக்கும்போதுதான் அது வேணும். எடது கைக்கு எட்டுதான்னு பாரு. இங்க வாங்குற எல்லாரும் படுத்துத்தான் வாங்கணும், பாதிரியாரே படுத்திருக்காரு."

படுத்தார். கம்பளத்தில் எண்ணெய் வாடையும் நாய் வாடையும் அடித்தன. வலது கையை விரித்துப் போட்டு, காலித் துப்பாக்கியை இடப்பக்கப் பையிலிருந்து இடது கையால் உருவப் பழகினார். இரண்டாம் முறை உருவும்போது வேறொரு வாடை வந்தது, வெயிலில் காய்ந்த சுண்ணாம்பு மண்ணின் வாடை. தலையைத் திருப்பினார். கடை வாசலில், கண்ணாடிப் பெட்டிகளின் அடியில் தெரிந்த இடைவெளியில், ஒரு ஜோடி வேலைக்காரக் காலணிகள் நின்றன. வெள்ளைப் புழுதி அப்பியவை. வலது கையை அசைக்கப் பார்த்தார். அது கனத்தது. யாரோ மணிக்கட்டின்மேல் முழங்காலை ஊன்றியிருப்பது போலக் கனத்தது.

எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. வாசலில் யாருமில்லை.

"யாரு வந்தது?"

"யாரும் வரலியே." வாண்டாவின் கண் அவர் காலில் இருந்தது. கால்சட்டை முழங்கால்வரை ஏறிக் கிடந்தது. வார்த் தடம் இப்போது ஊதா நிறத்தில், நேற்றைவிட ஆழமாக இருந்தது. "காலுல ஏற்கெனவே ஒண்ணு கட்டிட்டுத் திரியிற போல. அப்புறம் எதுக்கு என் உயிர வாங்குற?"

அவர் கால்சட்டையை இறக்கிவிட்டார். மூன்றாவதையே வாங்கினார். அவள் அவர் கண்ணெதிரே அதைப் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து மூடினாள்.

வீட்டுக்கு வந்தபோது வேலி மூன்று பக்கமும் முடிந்திருந்தது. முன்வாசல் பக்கம் மட்டும் திறந்திருந்தது. சூரியன் விழுந்து, மிச்ச வெளிச்சம் முட்புதர்களின் மேல் செம்மண் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கம்பத்தருகே, ஒருவன் முதுகைக் காட்டிக் குனிந்து நின்றான். டிக். டிக்.

கிப் டன்ஹமுக்குப் போன் செய்தார். கிப் ஷெரிஃப் அலுவலகத்தில் இப்போது பணியில் இருக்கும் இளைஞன், லீலண்டிடம் தொழில் பழகியவன்.

"பின்பக்கம் ஒருத்தன் நிக்குறான், கிப். கையில ஆயுதம் இருக்கு."

"பத்து நிமிஷத்துல வந்துர்றேன் சார். நீங்க உள்ளயே இருங்க. என்ன ஆனாலும் வெளிய வராதீங்க."

"நான் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கா?"

"மறப்பேனா சார்? கையப் பாரு, மொகத்தப் பாக்காத. ரெண்டு தடவ சொல்லு, அப்புறம் சுடு. மூணாவது தடவ சொல்ல நீ உயிரோட இருக்க மாட்ட."

"அதான்," என்றார் லீலண்ட். மனசு சற்று நிம்மதியானது. புதுத் துப்பாக்கியில் தோட்டா போட்டுக்கொள்ளலாம் என்று மேஜைமேல் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே ரிவால்வர் இருந்தது. பிடியில் கறுப்பு டேப். டேப்பின் ஓரம் அவர் நகம் பட்டுப் பிசிறியிருந்த அதே இடத்தில் பிசிறியிருந்தது. டேப்பின் மடிப்புகளில் வெள்ளைப் புழுதி.

மேஜையை விட்டுப் பின்வாங்கினார். பிறகு ஒரு துணியால் பிடித்தெடுத்து, பின்கதவைத் திறந்து, பலம் கொண்ட மட்டும் முட்புதருக்குள் வீசினார். அது விழுந்த சத்தம் கேட்கவில்லை. வேலியருகே நின்றவனும் இல்லை. பல்சக்கரச் சத்தமும் நின்றிருந்தது. அந்த அமைதி சத்தத்தைவிட மோசமாக இருந்தது.

கதவைச் சாத்தித் தாழ் போட்டார். ஓரடி எடுத்து வைத்தார். இடது கால் கனத்தது.

பார்க்க வேண்டாம் என்று நினைத்தார். பார்த்தார். கால்சட்டையைத் தூக்கினார். வார், உறை, கறுப்பு டேப்.

வாரைப் பிய்க்கப் பார்த்தார். பிரியவில்லை. நுனி இரண்டு சுற்றுச் சுற்றி உள்பக்கம் மடிந்திருந்தது.

அறைக்குள் சுண்ணாம்பு மண் வாடை. பின்னால் ஒரு மூச்சு. மண்ணை உறிஞ்சி இழுக்கும் மூச்சு.

ஓடினார். முன்வாசல். படி. முற்றம். இருட்டு. சாலைத் திருப்பத்தில் வண்டி விளக்குகள் தெரிந்தன. கிப். கிப்பிடம் சொல்லிவிடலாம். குறடு என்று சொல்லிவிடலாம். அந்த விரலைப் பற்றிக்கூடச் சொல்லிவிடலாம். ஆறு வருஷத்தில் முதல்முறையாக உண்மையைச் சொல்ல லீலண்ட் முழுமனதாக விரும்பினார். இந்தச் சனியனை மட்டும் முதலில் காலிலிருந்து எடுத்து எறிந்துவிட வேண்டும். குனிந்து உருவினார். வந்துவிட்டது. நிமிர்ந்தார்.

வெளிச்சம் கண்ணில் அறைந்தது. வண்டிக் கதவு திறக்கும் சத்தம்.

"துப்பாக்கியக் கீழ போடு."

நான்தான், லீலண்ட், என்று கிப்பிடம் சொல்ல வாயைத் திறந்தார். நாக்கின்மேல் மண். தொண்டைவரை மண்.

விரல்களைத் திறக்கப் பார்த்தார்.

"பின்னால நிக்கறவனே, நீயும் கையத் தூக்கு," கிப்பின் குரல் நடுங்கியது. "ரெண்டு பேரும்."

லீலண்டின் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது. கம்பி கீறிய தழும்புகள் நிறைந்த கை. அது அவர் கையைச் சுற்றிப் பிடித்தது. அவசரமே இல்லை அதற்கு. அவர் விரல்களை ரிவால்வரின்மேல் ஒவ்வொன்றாக மடித்தது. ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிர விரல்.

"கீழ போடு. ரெண்டாவது தடவ சொல்றேன்."

சுண்டுவிரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. அதை அந்தக் கை தன் கட்டைவிரலால் அழுத்தியது.