கொஞ்சம் அசிடிட்டி

"பென், உங்க கைப்பைக்கும் டோக்கன் வாங்கியிருக்கீங்களா?"

ஜல்பா நிமிர்ந்தாள்.

பாதி மழையைச் சட்டையிலேயே வாங்கிக்கொண்டு வந்து நின்றிருந்தான் ஒருவன். கண்கள்... சூரத் சந்தையில் அவள் பார்த்து வளர்ந்த, ஆளை அளவெடுக்கிற கண்கள் அல்ல. விலை கேட்காமல் பார்க்கிற கண்கள். 'பென்' என்று தங்கை முறை வைத்துக் கூப்பிட்ட வாய் மட்டும் அக்மார்க் சூரத்.

பக்கத்து நாற்காலியில் அவள் கைப்பையை வைத்தது தற்செயல் அல்ல. யாரும் அருகே உட்கார்ந்து, 'உடம்புக்கு என்ன பேட்டா' என்று ஆரம்பித்துவிடக் கூடாதே... எரிச்சலோடு பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உட்கார்ந்தான். ஈரச் சட்டையிலிருந்து ஒரு சொட்டு அவள் துப்பட்டாவில் விழுந்தது. முறைத்தாள். மழையை அனுப்பியது நானில்லை என்பதுபோல் அவன் கையை விரித்தான்.

அந்தக் கூடத்தில் இரண்டு கதவுகள். இடது கதவுக்குள் வயிற்று டாக்டர், வலது கதவுக்குள் மனநல டாக்டர். இருவருக்கும் பொதுவாக முன்னால் ஒரு மேஜை, அதில் டோக்கன் கொடுக்கும் ரேவாபென். வலதுபக்க நாற்காலிகள் கடையிலிருந்து அன்றைக்குத்தான் இறங்கியதுபோல் பளபளக்கும். யாராவது உட்கார்ந்தால்தானே தேய்வதற்கு. மனசுக்கு மருந்து வாங்க வந்தவர்களும் இடதுபக்கமே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்வார்கள். தெரிந்தவர் யாராவது பார்த்துக் கேட்டால் ஒரே பதில்: "கொஞ்சம் அசிடிட்டி."

ஜல்பாவுக்கும் அதே அசிடிட்டிதான், பல வருடமாக. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். பிறகு படபடப்பும் ஓய்ந்து, எதுவுமே தோன்றாத ஒரு சாம்பல் நிறம் வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும். அப்பா ரஸிக்பாய் மொத்தப் புடவை வியாபாரி. சரக்கைப் பற்றி எந்த வார்த்தை சந்தைக்குப் போகலாம், எது போகக் கூடாது என்று தெரிந்த மனிதர். மகளின் நோய்க்கு அசிடிட்டி என்று பெயர் வைத்தவர் அவர்தான். அதன் பலன், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒரு மாசி, பெரியம்மா முறை, ஓடிவந்து அவள் உள்ளங்கையில் சோம்பைத் திணிப்பாள். படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்த பெண்ணுக்குச் சோம்பு.

இந்த வருடம் கொஞ்சம் தேவலை. மத்தியானங்களில் கடைக்குப் போய் உட்கார முடிகிறது. மாத்திரையைக் குறைக்கலாமா என்று டாக்டரே யோசிக்கிறார். ஒருநாள் இந்தக் கூடத்துக்கே வராமல் இருக்கலாம் என்று ஓர் ஆசை... வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடும் என்று சொல்லாமலே வைத்திருந்தாள்.

பக்கத்திலிருந்தவன் பெருமூச்சு விட்டான். அவள் கேட்காமலே சொன்னான்.

"கொஞ்சம் அசிடிட்டி."

ஜல்பா திரும்பிப் பார்த்தாள். ஓ... இவனுமா?

எரிச்சல் பாதியாகக் குறைந்தது. குரலைத் தாழ்த்தி, எப்போதிலிருந்து என்று கேட்டாள். புடவைக் கரைக்கு லேஸ் விற்கும் கடையைத் தான் தனியாகப் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து என்றான். எந்த நேரத்தில் அதிகம் என்றாள்.

"காலையிலதான். கண்ணைத் திறக்கும்போதே நெஞ்சுமேல யாரோ ஏறி உட்கார்ந்திருக்கிற மாதிரி."

அவளுக்கு மேனி சிலிர்த்தது. அதே வார்த்தை. அவள் டாக்டரிடம் சொன்ன அதே வார்த்தை.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

"எல்லாம் உன் கொழுப்புங்கறாங்க."

"எங்க வீட்லயும் அதேதான்..."

பிறகு என்ன, அணை திறந்துவிட்டது. ஒரு மழைக்காலம் முழுக்க அறைக்குள்ளேயே கிடந்ததைச் சொன்னாள். தலை சீவக்கூட மனமில்லாமல், கடைசியில் சிக்கெடுக்க முடியாமல் முடியை வெட்டியதைச் சொன்னாள். ஓர் உறவினர் நிச்சயதார்த்தத்துக்காக வீட்டார் மாத்திரையை நிறுத்தச் சொன்னதையும், நிறுத்தியபின் மறுபடி படுக்கையில் விழுந்ததையும் சொன்னாள். சாவைப் பற்றி நினைத்த ஒரு சாயங்காலத்தைக்கூடச் சொன்னாள். அவன் குறுக்கே பேசவே இல்லை. விழி அசையாமல் கேட்டான். இப்படிக் கேட்க ஓர் ஆள் இந்த ஊரில் இருந்தானா... இத்தனை நாள் எங்கே இருந்தான்?

"தேவாங்பாய்," என்று ரேவாபென் கூப்பிட்டாள்.

அவன் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாமல் நடந்தான்.

இடது கதவுக்குள் போனான்.

ஜல்பா அந்தக் கதவையே பார்த்தாள். வயிற்று டாக்டர் கதவு. அவனுக்கு வந்திருப்பது அசிடிட்டியேதான். கலப்படமில்லாத, ஏப்பம் வருகிற, அசல் அசிடிட்டி.

வீடு பொத்திப் பொத்தி வைத்திருந்ததை ஒரு பஜியா தின்னியிடம் மொத்தமாக இறக்கிவிட்டாள். அதுவும் யாரிடம்... லேஸ் வியாபாரியிடம். அப்பா கடைக்கு இரண்டு சந்து தள்ளி.

தன் முறைக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை. கீழே இறங்கி, கட்டடத்து முகப்பில் நின்றாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. தாபி நதியை யாரோ மேலே தூக்கிக் கவிழ்த்ததுபோல் ஒரு மழை. அவன் படியிறங்கி வந்ததும் வழியை மறித்தாள்.

"நான் சொன்னது வெளியே போகக் கூடாது. என்ன வேணும், சொல்லுங்க."

தனக்கு எதுவும் வேண்டாம் என்றான். சும்மா கிடைக்கிற சரக்கை அவள் நம்ப மாட்டாள், எதையாவது கேட்டே ஆக வேண்டும் என்றாள். அவன் மழையைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஒரு டீ."

"அசிடிட்டிக்கா?"

"நீங்க குடிங்க. நான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. வந்ததே என்று எரிச்சலும் வந்தது. யாரிடமும், எந்தக் காலத்திலும், வீட்டில்கூடச் சொல்வதில்லை என்று அவன் வாக்குக் கொடுத்தான். எதிர்க்கடையில் அவள் டீ குடித்தாள். அவன் மோர் குடித்தான். பேச்சுக்கு நடுவே, நிஜமாகவே ஒன்று கேட்டான்: தான் ஏன் உடனே அங்கிருந்து எழுந்து போய்விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான் தெரியுமா என்று.

"ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு, ஆளை மாத்தி நினைச்சுட்டீங்கன்னு. சொல்லியிருக்கணும். ஆனா நீங்க பேசறதை நிறுத்திட்டா... அப்புறம் யார்கிட்டயும் பேச மாட்டீங்கன்னு தோணிச்சு."

டம்ளரை வைத்துவிட்டு அவள் எழுந்துகொண்டாள். கோபமா, கூச்சமா... அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

அடுத்த மாதமும் அவன் வந்தான். அதற்கடுத்த மாதமும். வயிறு சரியாகிவிட்டது, இனி எதற்கு வருகிறாய் என்று ரேவாபென் துரத்தினாள். அவன் நேராக வலதுபக்கம் போய், யாரும் தொடாத பளபள நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தான். சந்தைக்காரர்கள் இரண்டு பேர் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தான். ஜல்பா இடதுபக்கம் உட்கார்ந்து பல்லைக் கடித்தாள். பிறகு எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கௌரவத்தைத் தொலைக்கறதுங்கற முடிவோட வந்திருக்கீங்களா?"

"நாற்காலி நல்லா இருக்கு, ஜல்பா."

பென் எங்கே போயிற்று? இந்த ஊரில் ஒருவன் ஒரு பெண்ணின் பெயரிலிருந்து 'பென்'னைக் கழற்றிவிட்டால், அவளைத் தங்கையாக நினைப்பதை நிறுத்திவிட்டான் என்று அர்த்தம். அவளுக்கு நெஞ்சு படபடத்தது. வழக்கமான படபடப்பா, இது வேறா என்று டாக்டரிடம் கேட்க முடியாத படபடப்பு.

வினை ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவன் அம்மா சரளாபென் சம்பந்தம் பேச ஜல்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். பையன் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னான், வேறு எதையும் சொல்ல மாட்டேன் என்கிறான் என்று குறைப்பட்டுக்கொண்டே சோபாவில் உட்கார்ந்தாள். ஜல்பாவின் இலா காகி, சித்தப்பா மனைவி, வியாபாரம் படிந்துவிட்டது போலவே பூரித்தாள். பெண் தங்கம், சமையல், கணக்கு எல்லாம் அத்துபடி, குறை என்று பார்த்தால்...

"கொஞ்சம் அசிடிட்டி. அவ்வளவுதான்."

சரளாபென் முகம் மலர்ந்தது. தன் மகனுக்கும் அதேதான், இனி இருவருக்கும் சேர்த்துக் காரமில்லாமல் ஒரே சமையல், வேலை மிச்சம் என்றாள். அம்மாவும் காகியும் சிரித்தார்கள். அப்பா நிம்மதியாக மூச்சு விட்டார். காகி ஜல்பாவின் காதருகே குனிந்து, கல்யாணம் முடியும்வரை அந்த மாத்திரைகளை நிறுத்திவைக்கலாம், யார் கண்ணிலாவது பட்டால் வம்பு என்று கிசுகிசுத்தாள்.

முன்பு மாத்திரையை நிறுத்தி விழுந்தது ஜல்பாவின் உடம்புக்கு ஞாபகம் இருந்தது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அசிடிட்டி இல்லை, மாசி. எனக்கு மனசுல நோய். தினம் மாத்திரை சாப்பிடறேன். நிறுத்த மாட்டேன்."

சரளாபென் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். காகி நெற்றியில் அடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்; பேரத்தில் முதன்முறையாகத் தோற்றவர்போல.

மறுநாள் லேஸ் கடை வாசலிலேயே தேவாங்கைப் பிடித்தாள் ஜல்பா. பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அனுப்பிவைத்தானே, என்ன மனிதன் இவன்?

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கினது யாரு?"

"அதுக்காக அம்மாகிட்டயுமா?"

"எங்கம்மாகிட்டச் சொன்னா தண்டோரா போட்ட மாதிரி. வாக்குன்னா வாக்குதானே?"

சொன்னாலும் குற்றம், சொல்லாவிட்டாலும் குற்றம். தன் கோபத்துக்கு நியாயம் இல்லை என்று தெரிந்ததே அவளுக்குப் பெரிய கோபம். உங்கள் இரக்கம் எனக்கு வேண்டாம், இனி மருத்துவமனைப் பக்கம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்கவும் மறந்து நடந்தாள். அவன் வரவில்லை. அந்த மாதம் வலதுபக்க நாற்காலியில் அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் எழ முடியவில்லை. அவ்வளவுதான். காரணம் என்று ஒன்றைச் சொன்னால் அது பொய். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது... மாத்திரையையும் தவறவிடவில்லை. இருந்தும் அந்தச் சாம்பல் நிறம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வந்துவிட்டது. இப்படி நடுவில் சரியும், அதற்காக ஏறியதெல்லாம் வீண் இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார். நாளை வரச் சொன்னார். சரி என்றாள். ஆனால் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவளுக்கு ஏறியது எங்கே ஞாபகம் இருக்கிறது? இத்தனை வருடம் பாடுபட்டு மறுபடி அதே சுவரா என்று அழக்கூடத் தெம்பில்லாமல் எரிச்சல் வந்தது.

மத்தியானம் அப்பாவின் குரல் கேட்டது. யாரையோ உள்ளே அழைத்துவந்தார். அறைக் கதவை அவரே திறந்துவைத்தார். மகளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, ஒரு கணம் நின்று, "மனசுதான்... மனசு சரியில்லை" என்று திருத்திக்கொண்டு போனார்.

தேவாங் உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே, தரையில், கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டான். ஜன்னலில் மழை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

"அறிவுரை சொல்ல வந்திருந்தா போயிடுங்க."

"தெரிஞ்சாத்தானே சொல்றதுக்கு. சும்மா உட்கார வந்தேன்."

நெடுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தான். பிறகு தன் அம்மா கதையைச் சொன்னான். அம்மாவுக்குக் கோபம் நோய்மேல் இல்லையாம், மறைத்ததன் மேல். அந்த வீட்டில் புடவையைப் பிரித்து உள்மடிப்பைக் காட்டியவள் அந்தப் பெண் ஒருத்திதான் என்று ஊரெல்லாம் சொல்கிறாளாம். சம்மதமா என்றால், யோசிக்கிறேன் என்கிறாளாம்.

"நான் என்ன புடவையா?"

"அதையேதான் நானும் கேட்டேன். கரண்டியால அடி விழுந்தது."

அவள் சிரிக்கவில்லை. சிரிப்பு எங்கோ தூரத்தில் இருந்தது. ஆனால் இருக்கிறது என்று தெரிந்தது. மெல்லப் புரண்டு அவன் பக்கம் திரும்பினாள். கண்கள் வீங்கி, தலை கலைந்து... இந்த முகத்தை வீட்டாரைத் தவிர யாருமே பார்த்ததில்லை. அவன் அன்றைக்குப் பார்த்ததுபோலவே பார்த்தான். விலை கேட்காமல்.

"இது போயிடும்னு எனக்கும் ஆசைதான். ஆனா மறுபடி வரும், தேவாங். கல்யாணத்தன்னிக்கே வந்தாலும் வரும்."

"வரட்டும். பந்தியைத் தள்ளி வச்சுக்கலாம்."

"விளையாடாதீங்க. அப்ப என்ன செய்வீங்க?"

"தெரியாது," என்றான். முதன்முறையாக அவன் குரலில் கேலி இல்லை. "பயமாகூட இருக்கு. ஆனா நீங்க படுத்துட்டீங்கன்னு கேள்விப்பட்டதிலேருந்து என்னால கடையில உட்கார முடியலை. ஒரே லேஸை ரெண்டு பேருக்கு வித்துட்டேன். இரக்கம்னா இப்படியா இருக்கும்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. அன்னிக்கு அந்த நாற்காலியிலேருந்தே."

மழை சற்று ஓய்ந்தது. தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். இப்படிப்பட்ட நாளில் ஒவ்வொரு வார்த்தையும் கிணற்றிலிருந்து இறைக்க வேண்டியிருக்கிறதே.

"இன்னிக்கு எனக்கு எதுவும் பிடிக்கலை," என்றாள் மெதுவாக. "டீ பிடிக்கலை. மழை பிடிக்கலை. அம்மா குரல் பிடிக்கலை. என்னையே எனக்குப் பிடிக்கலை..."

அவன் தலையசைத்தான். எழுந்து போகட்டுமா என்பதுபோல் தரையில் கை ஊன்றினான்.

"உட்காருங்க. நான் இன்னும் முடிக்கலை." அவள் கண்களில் நீர் நிறைந்தது, குரலில் மட்டும் அதே சலிப்பு. "உங்களை மட்டும் பிடிக்குது. எப்படின்னே தெரியலை... எரிச்சலா வருது."